ஆசீரின் பகல் தூக்கம்

ஆறுதல்புரத்தில் கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடித்தால், படத்தில் விழுந்த சங்கதி அதன் சொந்தக்காரரை விட்டுக் கழன்று வந்துவிடும் என்பது ஊருக்குத் தெரிவதற்குப் பல மாதம் முந்தியே, பியூலா தன் புருஷன் ஆசீரின் தூக்கத்தை எடுத்து வைத்துவிட்டாள். தெரிந்து எடுத்தவள் இல்லை. தெரிந்திருந்தால் தன் கண்ணைப் பிடுங்கிக் கொடுத்திருப்பாளே தவிர, அவன் கண்ணில் கை வைத்திருக்க மாட்டாள். அவன் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம், அந்தப் பிரியத்தால்தான் அதை எடுத்தாள்.

ஊர் என்றால் பெரிய ஊர் இல்லை. தேரி என்கிற செம்மணல் மேட்டுக்கும் வற்றின குளத்துக்கும் நடுவே நாலு தெரு, ஒரு வேதக்கோயில், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு அம்மன் கோயில், ரெண்டுக்கும் பொதுவாக ஒரு ரேஷன் கடை. பஞ்ச காலத்தில் ஓடிவந்த சனங்களைக் குடியேற்றின வெள்ளைக்காரப் பாதிரியார் ஆறுதல்புரம் என்று பெயர் வைத்துவிட்டுக் குதிரை ஏறிப் போய்விட்டார். ஆறுதலை என்னவோ ஊர்க்காரர்கள் மஸ்கட்டிலும் தோஹாவிலும் துபாயிலும் போய்த்தான் தேட வேண்டியிருந்தது. வீட்டுக்கு ஒரு ஆம்பளை அங்கே இருந்தான். இங்கே அவன் கட்டின வீடு, அவன் வாங்கின கம்ப்யூட்டர், அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் தலைவாரிப் பவுடர் போட்டு உட்கார்ந்த பெண்டாட்டி.

அப்படிப் பேசுவதில் ஊருக்கென்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. கடல் தாண்டிப் பேசும்போது நல்லதை மட்டும்தான் பேச வேண்டும். யார் போட்ட சட்டம் என்று தெரியாது, ஆனால் பால்குடிப் பிள்ளைகூட அதை மீறாது. கால் ஒடிந்து கிடந்த தகப்பனை நாற்காலியில் தூக்கி உட்காரவைத்து இடுப்புக்குக் கீழே போர்வையைச் சுற்றி, இப்போதுதான் வயலுக்குப் போய்விட்டு வந்தார் என்று சொல்வார்கள். அந்தப் பக்கத்தில் இருக்கிறவன் மட்டும் லேசுப்பட்டவனா? கட்டுப்போட்ட கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு, இன்றைக்கு மேனேஜர் பிரியாணி வாங்கிக் கொடுத்தார் என்பான். ரெண்டு பக்கமும் பொய், ரெண்டு பக்கமும் அதைப் பொய் என்று அறிந்த சிரிப்பு. தூரத்தில் இருக்கிறவர்களுக்கு வேறு என்னத்தைத்தான் அனுப்பிவைக்க முடியும்?

ஆசீருக்குத் துபாயில் மீனும் இறைச்சியும் சேமித்து வைக்கிற குளிர்க்கிடங்கு ஒன்றில் ராத்திரி வேலை. விடியக் காலம் அறைக்கு வந்து, குளித்து, குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டு, பியூலாவைக் கூப்பிடுவான். கொஞ்சம் பேசுவான். மகள் ஷைனி எல்.கே.ஜி.யில் படித்த பாட்டைப் பாடிக் காட்டுவாள். பிறகு கொட்டாவி வரும். பேச்சை முடிக்க ரெண்டு பேருக்கும் மனசு வராது. அவன் தன் மடிக்கணினியைத் தலைமாட்டில் திறந்து வைத்தபடியே படுத்துவிடுவான், அவள் தன் கம்ப்யூட்டரை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போவாள்.

இப்படியாக அந்த வீட்டில் தினமும் பகலில் ஒரு ஆம்பளை தூங்கினான். முன்னறையில் அவன் குறட்டை கேட்கும். அவள் தேங்காய் துருவுவாள், துணி மடிப்பாள், போகிற போக்கில் திரையை எட்டிப் பார்த்து, போர்வை விலகியிருந்தால், கை நீட்டி இழுத்துவிட முடியாத தன் நிலையை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டுப் போவாள். மீன்காரி தெருவில் கூவிக்கொண்டு வந்தால், வீட்டுல ஆம்பளை தூங்குதாவ என்று ஜன்னலில் விரலை வைத்துக் காட்டுவாள். மீன்காரியும், அது துபாயில் தூங்குகிற ஆம்பளைதானே என்று வியாக்கியானம் பேசாமல், சத்தத்தை அடக்கிக்கொண்டு அந்த வீட்டைத் தாண்டின பிறகுதான் மறுபடி வாயைத் திறப்பாள். அண்டை அயலார் வந்தால் குசுகுசுவென்றுதான் பேசினார்கள். ஆசீரின் அம்மா ரத்தினபாய் வாசலில் முறம் புடைத்தால்கூட, மகன் முழித்துவிடக் கூடாதே என்று கொல்லைப்புறத்துக்குப் போய்ப் புடைத்தாள்.

ஆனால் இணைப்பு என்பது மழை மாதிரி, வந்தால் வரும், போனால் போனதுதான். அது போன நாட்களில் வீடு செத்த வீடாகிவிடும். பியூலா இங்கும் அங்கும் நடப்பாள், எதையோ அடுப்பில் வைத்து மறப்பாள். தெருக்கோடியில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தி, பிறகு அதையே கம்ப்யூட்டர் சென்டராக மாற்றியிருந்த எப்சிபா டீச்சரிடம் ஒருநாள் இதைச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். டீச்சர், இதுக்குப் போயா அழுகிறாய் என்று, திரையில் ஓடுகிறதை ஓடுகிறபடியே பிடித்துவைக்கிற வசதியைக் காட்டிக் கொடுத்தாள். மேல் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு வரும், அது இருக்கிறவரைக்கும் பதிவாகும், அமுக்கினால் நிற்கும். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஆசீர் கண்ணயர்ந்ததும் பியூலா அந்தச் சிவப்புப் பொட்டை வைத்தாள். ஒரே ஒரு தடவைதான் எடுத்தாள், அதற்கு மேல் தேவைப்படவில்லை. அதன் பிறகு இணைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டில் அவன் தூக்கம் இருந்தது. கரண்டு இருக்கிற நேரமெல்லாம் அது ஓடியது. ஷைனி வேனில் வந்து இறங்கி, சாப்பிட்டுவிட்டு, கம்ப்யூட்டர் மேசைக்குக் கீழே பாயைப் போட்டு, அப்பாவின் குறட்டைக்கு அடியில் சுருண்டுகொள்வாள். பியூலாவும் பக்கத்தில் தலையைச் சாய்த்தால் ஒரு கோழித்தூக்கம் வரும். கல்யாணமாகி அவன் கூடவே இருந்த நாட்களில்கூட அப்படி நிம்மதியாக அவள் தூங்கினதில்லை.

அந்த நாளுக்குப் பிறகு ஆசீர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தான். கேட்டதற்கு, ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்றான். குறட்டையும் நின்றுபோனது. மூக்கடைப்பு சரியாகிவிட்டது போல என்று அவள் சந்தோஷப்பட்டாள், அந்தப் பாழாய்ப்போன சந்தோஷத்தை மாமியாரிடம் வேறு சொல்லிக்கொண்டாள்.

ஊருக்கு விஷயம் வெளிப்பட்டது சாலமோன் சிரிப்பால். மஸ்கட்டில் இருந்த சாலமோன் வாய் நிறையப் பல்லாகச் சிரிப்பவன். அவன் அம்மா அந்தச் சிரிப்பைத் திரையிலிருந்து படம் பிடித்து, கம்ப்யூட்டரைத் திறந்ததும் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். அந்த லீவில் அவன் வந்தபோது தங்கச்சி கல்யாணத்தில்கூடச் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார், இவனுக்குச் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று முறுக்கிக்கொண்டார்கள். மருந்து மந்திரம் எல்லாம் பார்த்துப் பலிக்காமல் அவன் திரும்பிப் போனான். ஒருநாள் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று எப்சிபா டீச்சர் வந்து பழைய படங்களைக் குப்பையில் தள்ளினாள், சாலமோனுக்கு அங்கே உதடு துடித்தது. குப்பையையும் காலி செய்தாள், யாரோ ஒருவரின் இரங்கல் ஜெபத்தில் முழங்கால் போட்டிருந்த சாலமோன் வெடித்துச் சிரித்தான். அவனை அடிக்காமல் விட்டது கர்த்தர் கிருபை.

நேரத்தை ஒத்துப் பார்த்தார்கள், விஷயம் பிடிபட்டது. வேறொரு ஊராக இருந்தால் டிவிக்காரர்கள் வந்திருப்பார்கள், ஆராய்ச்சி நடந்திருக்கும். ஆறுதல்புரத்தில் யாரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. புதிதாக வைத்த டிரான்ஸ்பார்மர்தான் காரணம் என்று ரேஷன் கடைக்காரர் சொன்னார், அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார். செல்போனில் எடுத்தால் ஒன்றும் ஆவதில்லை, கம்ப்யூட்டரில் எடுத்தால் மட்டும்தான் ஆகிறது என்று கண்டுகொண்டார்கள். எடுத்ததற்கு நகல் எடுக்கப் பார்த்தால் நகல் கறுப்பாக வந்தது. ஓடுகிற படத்துக்கு நேரே செல்போனை நீட்டிப் பிடித்தால் வெறும் இரைச்சல்தான் விழுந்தது. இருக்கிறது ஒன்று, அது இங்கே இருந்தால் அங்கே இல்லை, இங்கே அழித்தால் அங்கே போய்ச் சேரும். இவ்வளவு தெரிந்தால் போதாதா, தோசை ஏன் வேகிறது என்று தெரிந்தா சுடுகிறோம்?

அதன் பிறகு ஊர் அந்த அதிசயத்தைக் கைமருந்து மாதிரிப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. திக்குவாயுள்ள பிள்ளைகளைப் பக்கத்து அறையில் செல்போனோடு உட்காரவைத்துக் கம்ப்யூட்டருக்குப் பேசச் சொல்லி, திக்குகிற இடத்தில் படம் பிடித்தார்கள். பிள்ளைகள் மணி மணியாகப் பேசின. ஒருத்தன் இருமலை எடுத்தார்கள், ஒருத்தி முகச்சுளிப்பை எடுத்தார்கள், கோபக்கார மாமியார் ஒருத்தியின் புருவத்தை அவளுக்குத் தெரியாமல் மருமகள் எடுத்தாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் இந்தக் கண்றாவியெல்லாம் இருக்கக் கூடாது என்று, வேதக்கோயில் கமிட்டி பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிச் சாமான் அறையில் வைத்தது. அம்மன் கோயில் பக்கத்து ஆட்களும் தங்கள் இருமலை அங்கேயே கொண்டுவந்து வைத்தார்கள். இருமலுக்கு ஏது சாதி மதம்?

நல்லதைப் படம் பிடிக்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பாகப் போயிற்று. பேச உட்காரும்போது முதலில் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டி "எடுக்கல" என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும். இதையும் மீறி ஒரு தாய், தோஹாவில் இருக்கும் மகன் ஊர் ஞாபகத்தில் அழுது அழுது கண் வீங்குகிறான் என்று அந்த அழுகையை எடுத்துவிட்டாள். நல்லதுக்குத்தான் எடுத்தாள். அவன் தேறினான், வேலையில் உயர்ந்தான். பிறகு அவன் அப்பா செத்துப்போனபோது, ஊருக்கு வந்து, கட்டின வேட்டியோடு கம்ப்யூட்டர் முன்னால் நின்று, அம்மா அதை அழிச்சிடு, எனக்கு அது வேணும் என்று கேட்டான். அவள் அழித்தாள். அவன் அழுத அழுகையை நாலு தெருவும் கேட்டது.

இதெல்லாம் நடந்தபோது பியூலாவின் நெஞ்சு பதைக்காமல் இருக்குமா? சாலமோன் கதையைக் கேட்ட அன்றைக்கே ஓடிவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஆசீர் வந்ததும் நேராகக் கேட்டாள்.

"நீங்க நல்லாத் தூங்குதீங்களா?"

"கட்டை மாதிரித் தூங்குதேன். நேத்து அலாரம் அடிச்சதே தெரியல, அப்பாஸ் அண்ணன்தான் உலுக்கி எழுப்புனாரு."

"சத்தியமா?"

"இதுக்குப் போயி யாராவது சத்தியம் பண்ணுவாங்களா? ஏன், ஷைனி மத்தியானம் தூங்குதாளா?"

தூங்குகிறாள், எடுத்துவைத்த உங்கள் குறட்டையைக் கேட்டால்தான் தூங்குகிறாள், அது இல்லாவிட்டால் எனக்கும் வீட்டில் இருப்பே கொள்ளவில்லை என்று பியூலா வெகுளியாகச் சொல்லிவிட்டாள். அவன் அதைக் கேட்டுச் சிரித்தான். பிறகு அவள் பார்க்கும்படியாக, அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பாமல் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே படுத்துக் கண்ணை மூடினான். மூச்சு சீராக ஏறி இறங்கியது. அவள் கண்கொட்டாமல் பார்த்தாள், மனசு சமாதானமானது. நல்லதை மட்டும் பேசுகிற ஊரில் பிறந்து வளர்ந்தவள், ரெண்டு பக்கமும் பொய் என்று அறிந்தவள், அந்த ஒரு பொய்யை மட்டும் நம்பினாள். நம்ப வேண்டும் என்று இருந்தது. அவரே தூங்குகிறேன் என்று சொல்லும்போது இதை எதற்கு அழிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். எத்தனையோ தடவை பிறகும் கேட்டாள், அவனும் சளைக்காமல் கட்டை, கல், கும்பகர்ணன் என்று விதவிதமாகச் சொன்னான்.

ஒருநாள் அவன் கூப்பிடவில்லை. மறுநாள் உபதேசியாரும் சபை ஐயரும் சேர்ந்து தெருவில் வந்தார்கள். ஐயர் பைபிள் இல்லாமல் வெறுங்கையோடு வந்தார். அதைப் பார்த்ததுமே ரத்தினபாய் முறத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் உட்கார்ந்தபடியே போய்விட்டான் என்று சொன்னார்கள். கண் திறந்தே இருந்ததால் பக்கத்தில் இருந்தவர்களுக்கு வெகுநேரம் தெரியவில்லையாம். பஸ் வந்தது, எல்லோரும் ஏறினார்கள், நீ வரவில்லையா என்று ஒருவன் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறான். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் வந்து போயிருக்கிறது.

உடம்பு வர நாளானது. அந்த நாட்களில் பியூலா கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை. திரையில் அவன் தூங்கினான். அவள் தண்ணீர் குடிக்காமல், பல் தேய்க்காமல், அழவும் அழாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். தேற்ற வந்த பெண்கள் வாய்விட்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தால், பழக்கதோஷத்தில் விரலை உதட்டில் வைத்தாள். அவர்கள் திரையைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். புருஷன் செத்த வீட்டில் புருஷன் தூங்குகிறான் என்று சத்தம் போடாமல் இருந்தார்கள், பாவம் அவர்களுந்தான் என்ன செய்வார்கள்.

காலை நேரத்தில் திருவனந்தபுரத்திலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. பெட்டியோடு அப்பாஸும் வந்தார். ராமநாதபுரத்துக்காரர், ஆசீரின் அறையில் பக்கத்துக் கட்டில். பெட்டியைத் திறந்தார்கள். துபாயில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கண் இமையில் ஒட்டியிருந்த பட்டி பிய்ந்து ஒரு பக்கம் தொங்கியது. ஆசீர் முழித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளை விழி சிவந்து, ஓரம் உலர்ந்து, நேராகக் கூரையைப் பார்த்தான்.

ரத்தினபாய் உள்ளங்கையால் இமையைத் தடவி இறக்கினாள். கையை எடுத்ததும் இமை ஏறிக்கொண்டது. பிரேதம் குளிப்பாட்டிப் பழகின கிழவர் எண்ணெய் தொட்டு வைத்துப் பார்த்தார், ஈரத்துணி போட்டுப் பார்த்தார். ஐயர் ஜெபம் பண்ணிப் பார்த்தார். எத்தனை தரம் மூடினாலும் அத்தனை தரமும் அது மெதுவாக, பிடிவாதமாகத் திறந்தது. திறந்த கண்ணோடு மண்ணைப் போடுவதா என்று ஊர் மிரண்டது. மண் கண்ணில் விழும், அவன் பார்த்துக்கொண்டே இருப்பான்.

அப்பாஸ்தான் வந்து பியூலா முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அவன் தூங்கி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. நீங்க பாக்குறீங்கன்னுதான் கண்ண மூடிக் கெடப்பான். நீங்க அடுப்படிக்குப் போற சத்தம் கேட்டதும் தொறந்துருவான். திரும்பி வர்ற சத்தம் கேட்டா மறுபடி மூடிக்குவான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் சண்ட போட்டேன். ஊருக்குச் சொல்லி அழிக்கச் சொல்லுடான்னேன். என் தூக்கம் எங்க வீட்டுல இருக்குண்ணே, பிள்ளை அதுல தூங்குது, நான்தான் இல்ல, அதாவது இருக்கட்டும்னான். லீவுக்குப் போறப்ப வாங்கிக்கிறேன்னான்."

அப்போதுதான் அவள் அழுதாள். அத்தனை நாள் சேர்த்துவைத்ததையெல்லாம் ஒரேயடியாக, தலையைத் தரையில் முட்டிக்கொண்டு அழுதாள். தன்னைத்தானே திட்டிக்கொண்டாள், அவனைத் திட்டினாள், பொய் பேசுகிற இந்த ஊரைத் திட்டினாள். யாரும் தடுக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதைச் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. அவனுடையது என்று அவளிடம் மிச்சமிருந்த மூச்சு அது ஒன்றுதான். ஆல்பத்தில் போட்டோ இருந்தது, அலமாரியில் சட்டை இருந்தது, ஆனால் போட்டோவோ சட்டையோ மூச்சு விடுமா? அதை அழித்துவிட்டால் இந்த வீட்டில் இனி என்றைக்கும் யாரும் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை.

அவள் எழுந்து போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் ஆசீர் வாயை லேசாகத் திறந்து, ஒரு கையைக் கன்னத்துக்குக் கொடுத்துத் தூங்கினான். அதை மூடி, அழிக்கிற விசையை அமுக்கினாள். நிரந்தரமாக அழித்துவிடவா, பிறகு திரும்பக் கிடைக்காது என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவள் கை அங்கேயே நின்றுவிட்டது. நெடுநேரம் நின்றது. முற்றத்தில் காகம் கத்தியது. எப்சிபா டீச்சர் தான் கற்றுக்கொடுத்த பாவத்துக்கு ஒரு மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். ரத்தினபாய் பெட்டியண்டையிலிருந்து எழுந்து வந்து மருமகளின் தோளைப் பிடித்தாள்.

"அழிச்சிருளா. எம்புள்ளைக்குக் கண்ணு எரியும்."

பியூலா அமுக்கினாள்.

பெட்டியண்டை இருந்த பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். ஆசீரின் இமைகள் தாமாக, மெதுவாக இறங்கி மூடின. நெற்றியில் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. பிறகு நெஞ்சு ஏறியது, இறங்கியது, குறட்டை வந்தது.

ஒருவரும் கத்தவில்லை. தூங்குகிறவன் பக்கத்தில் யாராவது கத்துவார்களா? ஐயர் ஒரு அடி பின்னால் நகர்ந்து, வாசலில் நின்றவர்களுக்குக் கையைக் காட்டினார். செய்தி தெருவில் வாயில்லாமல் போனது. துக்க மணி அடிக்கக் கயிற்றைப் பிடித்திருந்த வேதக்கோயில் ஊழியர் கோயில்குட்டி கயிற்றை விட்டுவிட்டார். அம்மன் கோயில் கொடைவிழாவுக்குக் கட்டியிருந்த ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள், மேளக்காரர்கள் மேளத்தின் மேல் துண்டைப் போட்டு மூடினார்கள். மீன்காரி கூடையை இறக்கிவைத்து வேலியோரம் உட்கார்ந்தாள். தெருநாய்களுக்கு எலும்பைப் போட்டு அந்தப் பக்கமாகக் கூட்டிப்போனார்கள். நாலு தெருவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவன் ஒரு வருசமாகத் தூங்காத தூக்கம், அதைத் தூங்கி முடிக்கட்டும், புதைப்பதற்கு என்ன அவசரம் என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

பெட்டியில் வேண்டாம், கட்டிலில் போடுங்கள் என்று பியூலா கேட்டாள். தூக்கிப் போட்டார்கள். காலடியில் விலகிய போர்வையை அவள் இழுத்துவிட்டாள், அத்தனை காலம் திரைக்கு இந்தப் பக்கம் நின்று இழுத்துவிட முடியாத போர்வையை நன்றாக, கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டாள். பிறகு கூட்டத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் அவன் பக்கத்தில் ஏறிப் படுத்துக்கொண்டாள். ஷைனி வந்து நடுவில் புகுந்து, அவன் கையைத் தலைக்கு வைத்து, கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனாள். அவன் உடம்பு குளிர்ந்துதான் இருந்தது. குளிர்க்கிடங்கில் வேலை செய்கிறவன் உடம்பு குளிராமல் என்ன செய்யும் என்று பியூலா நினைத்துக்கொண்டாள்.

வெயில் ஏற ஏற, ஊருக்குள் ஒரு ஆசை பிறந்தது. முதலில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தூங்குகிறவன் எழுந்திருக்கத்தானே வேண்டும்? இத்தனை நடந்த ஊரில் அது மட்டும் ஏன் நடக்கக் கூடாது? கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து வாசலில் நின்றார்கள். அப்பாஸ் தொழுகைக்கு விரிக்கிற துண்டைத் தேடினார். ஐயர் புத்தகத்தில் அடக்க ஆராதனைப் பக்கத்தில் வைத்திருந்த நாடாவை எடுத்து வேறு எங்கோ வைத்தார். ரத்தினபாய் அடுப்பைப் பற்றவைத்துக் கருப்பட்டியைத் தட்டிப்போட்டுக் காப்பித் தண்ணீர் வைத்தாள். எழுந்ததும் காப்பி கேட்பான், கேட்டதும் கொடுக்காவிட்டால் கத்துவான் என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். கிழவி முகம் சிவந்து, பத்து வயசு குறைந்து போயிருந்தாள்.

பியூலா மட்டும் அந்த ஆசையில் சேரவில்லை. ஊரில் வேறு யாருக்கும் தெரியாத அளவுக்கு அவளுக்கு அந்தத் தூக்கம் தெரியும். ஒரு வருசத்துக்கு மேலாகத் தினமும் கேட்டது, பைபிள் சங்கீதம் ஒப்பிக்கிற மாதிரி அவளால் ஒப்பிக்க முடியும். இப்போது குறட்டை நின்று ரெண்டு இருமல் வரும் என்று நினைத்தாள், இருமல் வந்தது. இனி உதட்டைச் சப்புவான், சப்பினான். கனவில் யாரிடமோ, சரி, சரி, ஏத்து என்று முனகுவான். அவன் முனகினதும் வாசலில் நின்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ரத்தினபாய் அடுப்படியிலிருந்து தம்ளரோடு ஓடிவந்தாள். பியூலா அவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தாள். அடுத்தது அவன் அவள் பக்கம் புரள்வான் என்று தெரிந்து, இடம் விட்டுப் படுத்தாள். அவன் புரண்டான், கை அவள் இடுப்பில் வந்து விழுந்தது. அந்தக் கையை அவள் தன் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வருகிற மூச்சுகள் நீளமானவை, சத்தமில்லாதவை. அவள் அவனுடைய முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டாள். படம் பிடித்த அந்த நாள் அவளுக்குத் துலக்கமாக ஞாபகம் இருந்தது. வாசலில் பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, ஷைனியை இறக்க ஆள் இல்லை, அவள் மாவுக் கையோடு ஓடிவந்து சிவப்புப் பொட்டை அமுக்கி நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடினாள். அப்போது அவன் தூங்கிக்கொண்டுதான் இருந்தான், படம் அந்த இடத்தோடு முடிந்துவிட்டது. அவன் எழுந்திருப்பதை எதற்குப் படம் பிடிக்க வேண்டும், அதுதான் தினமும் நடக்கிறதே என்று நினைத்திருந்தாள்.

ஆசீர் ஒரு மூச்சை உள்ளே இழுத்தான். அது வெளியே வருவதற்காக ஊரே காத்துக்கொண்டிருந்தது.